15 லட்சம் ரூபாய் யாருக்குத் தண்டனை?

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா மகன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அவருடைய நிலத்துக்கு மேற்கே இயங்கிய ஒரு சிறிய ஆலை இரவு நேரங்களில் கழிவுநீரை ஓடையில் திறந்துவிடுகிறது என்பது அவருடைய புகார். தண்ணீரைத் தனியார் ஆய்வகம் ஒன்றில் கொடுத்துச் சோதித்து, அந்த அறிக்கையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இனி ஆலைக்காரர் சிறைக்குப் போவது உறுதி என்று நாங்கள் இருவருமே நம்பினோம். வழக்கறிஞரான நண்பர் ஒருவரிடம் காட்டியபோது அவர் அறிக்கையைப் படிக்கவே இல்லை. "சாம்பிளை எடுத்தது யார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியால்தான் சுற்றுச்சூழல் சட்டங்களின் தண்டனைப் பிரிவுகளை நான் முதல்முறையாக உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, கழிவுநீர் மாதிரி நீதிமன்றத்தில் சான்றாக நிற்க வேண்டுமானால் அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ வாரியம் அதிகாரமளித்த அலுவலரோ எடுத்திருக்க வேண்டும். எடுக்கும்போதே ஆலைக்குப் பொறுப்பானவரிடம் இதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்போகிறோம் என்று அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, கலன்களுக்கு முத்திரையிட்டு, இருதரப்பும் கையொப்பமிட வேண்டும். இந்த வரிசையில் ஏதேனும் ஒன்று தவறினாலும் ஆய்வு முடிவு செல்லாது. அண்ணன் கொண்டுவந்த பாட்டில் சட்டத்தின் கண்ணில் வெறும் அழுக்குத் தண்ணீர்தான். நடைமுறை தவறென்று நான் சொல்லவரவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சான்று இவ்வளவு கவனமாகத்தான் சேகரிக்கப்பட வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஓடையில் ஓடும் கழிவை முன்னறிவிப்புடன் பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் விடை இல்லை.

இப்படித்தான் நம் சுற்றுச்சூழல் சட்டங்களில் தண்டனை என்பது எழுத்தில் ஓர் அளவாகவும் நடப்பில் வேறோர் அளவாகவும் நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. எழுத்தில் பார்த்தால் அவை மென்மையான சட்டங்கள் அல்ல. நச்சுப் பொருளை அறிந்தே ஓடையிலோ கிணற்றிலோ சேரவிட்டால், நீர்ச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி குறைந்தது ஒன்றரை ஆண்டு, கூடினால் 6 ஆண்டு சிறை. வாரியத்தின் இசைவாணை இல்லாமல் கழிவுநீரை வெளியேற்றினாலும் அதே தண்டனை. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் அதே அளவுகோலைத்தான் வைத்திருந்தது. இவற்றுக்கெல்லாம் குடையாக வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடுதல் அபராதம். தண்டிக்கப்பட்ட பிறகும் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தால் 7 ஆண்டு வரை சிறை.

குடைச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஒரே செயல் இந்தச் சட்டத்தின்கீழும் வேறொரு சட்டத்தின்கீழும் குற்றமாக இருந்தால், அந்த வேறு சட்டத்தின்படிதான் தண்டிக்க வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு கூறியது. மற்ற எந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும் தன் விதியே மேலோங்கும் என்று அதே பிரிவின் முதல் பகுதியில் அறிவித்துவிட்டு, தண்டனை என்று வந்ததும் இரண்டாம் பகுதியில் பின்வாங்கும் சட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தச் சட்டம் பிறந்த சூழலை எண்ணிப்பார்த்தால் இது இன்னும் உறுத்துகிறது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மெத்தில் ஐசோசயனேட் வாயுதான் 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உடனடிக் காரணம். பின்னால் வந்த சட்டத்தின்கீழ் முன்னால் நடந்த குற்றத்தைத் தண்டிக்க முடியாது என்பதால், போபால் வழக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தை நம்பியே நடந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை 304அ பிரிவுக்கு, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற அளவுக்குக் குறைத்தது. அந்தப் பிரிவின் உச்சத் தண்டனையே 2 ஆண்டுதான். 2010 ஜூன் 7 அன்று, விபத்து நடந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, போபால் நடுவர் நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். மற்ற எழுவருக்கு 2 ஆண்டு சிறையும் தலைக்கு ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய் அபராதமும், இந்திய நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. எழுவரும் அன்றே பிணையில் வீடு திரும்பினர்.

ஆகவே 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் சட்டங்களிலிருந்து சிறைத்தண்டனையைப் பெருமளவு நீக்கியபோது, என் நண்பர்கள் பலருக்கு எழுந்த கோபம் எனக்கு முழுமையாக எழவில்லை. 'ஜன் விஸ்வாஸ்' என்ற பெயரில் வந்த அந்தச் சட்டம் 42 சட்டங்களில் உள்ள 183 விதிகளை ஒரே மூச்சில் திருத்தியது. சிறு தவறுகளுக்குச் சிறை என்ற அச்சம் தொழில் நடத்துவோரை முடக்குகிறது என்பது அரசு முன்வைத்த காரணம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் காற்றுச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் புதிய 15ஆம் பிரிவின்படி தண்டத்தொகை குறைந்தது 10,000 ரூபாய், அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய்; மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்குக் கூடுதலாக 10,000 ரூபாய். இதை விதிப்பவர் நீதிபதி அல்லர். மத்திய அரசின் இணைச் செயலாளர் அல்லது மாநில அரசின் செயலாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. அவருடைய ஆணையை எதிர்த்து 60 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். விதித்த தொகையை 90 நாட்களுக்குள் கட்டாவிட்டால் மட்டும் சிறை எட்டிப் பார்க்கிறது: 3 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டத்தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நஞ்சைக் கொட்டினால் சிறை இல்லை, கொட்டியதற்கான கட்டணத்தைச் செலுத்தத் தவறினால் உண்டு.

நீர்ச் சட்டத்தின் கதை சற்று வேறு. நீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், சில மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால்தான் நாடாளுமன்றம் அதில் கைவைக்க முடியும். அதன் பிறகும் மற்ற மாநிலங்கள் தனித்தனியே ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லுபடியாகும். 2024 பிப்ரவரியில் நிறைவேறிய திருத்தம் முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது இதனால்தான். அந்தத் திருத்தத்திலும், இசைவாணை இல்லாமல் ஆலையை நடத்துவோருக்கான 6 ஆண்டு வரையிலான சிறை அப்படியே விடப்பட்டுள்ளது. வாரியத்தின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கெடுப்பவரைவிட, தாளே வாங்காதவர் பெரிய குற்றவாளி என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது.

ஆண்டறிக்கை தாக்கல் செய்யத் தாமதமானதற்கும் சிறை என்று எழுதி வைத்திருந்தது நியாயமில்லை என்பதை ஏற்கிறேன். பயன்படுத்தப்படாத சிறைத்தண்டனை, வாரிய அலுவலர் கையில் பேரம் பேசும் கருவியாகத்தான் மிஞ்சும் என்பதையும் ஏற்கிறேன். என் மனக்குறை அந்த 15 லட்சம் என்ற உச்சவரம்பில்தான் இருக்கிறது. 1986இல் எழுதிய 1 லட்சம் ரூபாய் 37 ஆண்டுகள் தொடப்படாமல் கிடந்தது. புதிய சட்டம் அந்தத் தவறைத் தவிர்ப்பதற்காக மூன்றாண்டுக்கு ஒருமுறை தொகைகள் தாமாகவே உயரும் என்கிறது. ஆனால் உயரும் அளவு குறைந்தபட்சத் தொகையில் 10 சதவீதம். குறைந்தபட்சம் 10,000 ரூபாய் என்றுள்ள இடத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை 1,000 ரூபாய் கூடும். சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் மின்கட்டணமும் ரசாயனச் செலவும் ஆளின் கூலியும் ஏறும் வேகத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கர், நிலையத்தை நிறுத்திவைப்பதே லாபம் என்று முதலாளியிடம் சொன்னால் அவர்மீது குறை காண முடியாது.

அரசுத் துறைகளே குற்றம் செய்தால் என்ன என்ற கேள்விக்கும் புதிய சட்டம் விடை வைத்திருக்கிறது. துறைத் தலைவர் தம் ஒரு மாத அடிப்படை ஊதியத்தைத் தண்டமாகக் கட்ட வேண்டும். ஆறுகளில் கலக்கும் அழுக்கில் நகரங்களின் சாக்கடை எவ்வளவு என்று தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.

தண்டனை என்ற ஒரே சொல்லுக்குள் நாம் வெவ்வேறு பொருட்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குற்றவியல் நீதிமன்றம் குற்றத்தை ஐயமற நிறுவிய பின் விதிப்பது அபராதம். அதிகாரி விசாரித்து விதிப்பது தண்டத்தொகை. இரண்டும் போய்ச் சேருவது அரசிடம். புதிய ஏற்பாட்டில் தண்டத்தொகைக்கென்றே சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்று ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது. கெட்டுப்போன கிணற்றின் சொந்தக்காரருக்குக் கிடைக்க வேண்டியது இழப்பீடு. கெட்ட மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு இன்னொன்று. இந்த நான்கில் கடைசி இரண்டையும் நம் சட்டப் புத்தகங்கள் தந்ததைவிட நீதிமன்றங்களே அதிகம் தந்திருக்கின்றன.

1985 டிசம்பரில் தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு 1986 டிசம்பர் 20 அன்று முழுப் பொறுப்பு என்ற கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், தீங்கு விளைந்தால் ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் முதற்பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி: நிறுவனம் எவ்வளவு பெரியதோ, வளமானதோ, அந்த அளவுக்கு இழப்பீடும் பெரியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது அச்சுறுத்தும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு இயற்றிய சட்டத்தில் நாடாளுமன்றம் எல்லோருக்கும் ஒரே 1 லட்சம் என்று எழுதியிருந்தது.

பத்தாண்டுகள் கழித்து வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பு வந்தது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகள் வெளியேற்றிய கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதித் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக அறிவித்தது என்று எல்லாச் சட்டப் பாடநூல்களும் கொண்டாடுகின்றன. அந்தத் தீர்ப்பிலேயே ஒவ்வோர் ஆலைக்கும் விதித்த அபராதம் 10,000 ரூபாய். தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு மொத்தம் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே வேலூர், அதே பாலாறு, அதே இழப்பீடு குறித்து மீண்டும் ஒரு நீண்ட தீர்ப்பை எழுத வேண்டியிருந்தது. 1991இல் வழக்கு தொடுத்தவர்களின் பிள்ளைகள் இப்போது நடுவயதைத் தொட்டிருப்பார்கள்.

ராஜஸ்தானின் உதய்பூருக்கு அருகே பிச்ரி என்ற ஊரில், எச் அமிலம் தயாரித்த ஆலைகளின் கசடு மழைநீரோடு மண்ணில் இறங்கிக் கிணறுகளின் நீரைக் கறுப்பாக்கியது. மண்ணைச் சீர்செய்ய 37.385 கோடி ரூபாய் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தச் செலவை ஆலை உரிமையாளர்கள் ஏற்க வேண்டும் என்றது. அவர்கள் மனுமேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தார்கள். 2011இல் அதே நீதிமன்றம் அத்தொகையை 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது. இந்தத் தீர்ப்பு போதிய கவனம் பெறவில்லை என்பது என் ஆதங்கம். தாமதம் செய்பவருக்குத் தாமதமே வருமானம் என்ற ரகசியத்தை நீதிமன்றம் இங்கே கணக்குப் போட்டு உடைத்தது. வட்டி இல்லாத எந்த அபராதமும், காலம் கடத்தத் தெரிந்தவருக்கு நாம் கொடுக்கும் கடன்தான்.

2013 ஏப்ரல் 2 அன்று தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை வழக்கில் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. வட்டி, தேய்மானம், வரி ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபத்தில் சுமார் 10 சதவீதம் என்ற அடிப்படையில் அந்தத் தொகை அமைந்தது. இதைவிடக் குறைந்தால் அச்சுறுத்தும் விளைவு இருக்காது என்று நீதிமன்றம் காரணமும் கூறியது. பணம் மாவட்ட ஆட்சியரிடம் போய், வங்கியில் வைப்புத்தொகையாகி, அதன் வட்டியில் சுற்றுவட்டார நீரையும் மண்ணையும் மேம்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றைய சட்டத்தின் உச்சவரம்பைப் போல ஏறத்தாழ 667 மடங்கு அது. ஆனால் இந்தப் பாதையும் நேராகச் செல்லவில்லை. 2024இல் ஒரு ரசாயன ஆலை வழக்கில், நிறுவனத்தின் விற்றுமுதலைக் காட்டி 25 கோடி ரூபாய் விதித்த பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. சூழலுக்கு நேர்ந்த சேதத்துக்கும் விற்றுமுதலுக்கும் தொடர்பில்லை என்றது. 1986இல் சொன்ன அளவும் வளமும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் வழக்கு இவற்றிலெல்லாம் விநோதமானது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, நொய்யலில் வந்த சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜனவரி தொடங்கி, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 6 காசு அபராதம் விதித்தது. சில மாதங்கள் கழித்து 8 காசு, அதன்பின் 10 காசு. சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டி முடிக்கும் வரை பட்டறைகளை நெருக்குவதே இதன் நோக்கம். அந்த அபராதத்தை 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் லிட்டருக்கு இத்தனை காசு என்று எழுதிய கணத்திலேயே அது அபராதம் என்ற நிலையிலிருந்து இறங்கி, ஆற்றைப் பயன்படுத்துவதற்கான விலைப்பட்டியலாக மாறிவிடுகிறது. துணிக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, ஆற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கூடும். 2011 ஜனவரி 28 அன்று அதே உயர் நீதிமன்றம் சலவைப் பட்டறைகளையும் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி ஆணையிட்டபோதுதான் ஊரே அதிர்ந்தது. மூடியதால் வேலை இழந்தவர்கள் பட்டறையில் கூலிக்கு நின்ற தொழிலாளர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூடல் என்பது குற்றவாளியைக் குறிபார்த்து அடிக்கும் ஆயுதமன்று.

இருந்தாலும், நான் பேசிய ஆலை மேலாளர்களில் எவரும் சிறையைப் பற்றியோ அபராதத்தைப் பற்றியோ கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் அஞ்சுவது நீர்ச் சட்டத்தின் 33அ பிரிவுக்கும் காற்றுச் சட்டத்தின் 31அ பிரிவுக்கும்தான். ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் அந்தப் பிரிவுகளின்கீழ் வாரியமே ஆணையிடலாம். கடிதம் வந்த மறுநாள் மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டால், ஏற்றுமதிக்குத் தேதி கொடுத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. சட்டப் புத்தகத்தின் தண்டனை அத்தியாயத்தில் இது இடம்பெறாது. உண்மையில் வேலை செய்யும் தண்டனை இதுதான்.

அதே இரு பிரிவுகளின் பலத்தில் மாசு வாரியங்கள் பணமாகவும் இழப்பீடு வசூலிக்கலாம் என்று 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குரிய விதிகளை வகுத்த பிறகே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019இலேயே இதற்கொரு சூத்திரம் தயாரித்து வைத்திருந்தது. ஐந்து எண்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். ஆலையின் மாசு வகைக்கு ஓர் எண்: சிவப்புக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30. அடுத்தது மீறல் நடந்த நாட்கள். மூன்றாவது ரூபாய்க் காரணி, 100 முதல் 500 வரை, வழக்கமாக 250. நான்காவது ஆலையின் அளவு: சிறியதற்கு 0.5, நடுத்தரத்துக்கு 1, பெரியதற்கு 1.5. ஐந்தாவது இடத்துக்கான காரணி. சிவப்பு வகைப் பெரிய ஆலை ஒன்றுக்குப் போட்டுப் பார்த்தேன்: நாளொன்றுக்கு 30,000 ரூபாய் வருகிறது. 50 நாள் மீறலிலேயே புதிய சட்டத்தின் 15 லட்சம் உச்சவரம்பை இது எட்டிவிடும். அந்த அளவில் இந்தச் சூத்திரம் சட்டத்தைவிட உறைப்பானது.

ஆனால் ஐந்தாவது காரணியில் என் பேனா நின்றது. 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள இடத்துக்கு 1. ஒரு கோடியைத் தாண்டிய பெருநகரத்துக்கு 2. நகரத்தில் அதிகம் பேர் பாதிக்கப்படுவார்கள் என்பது இதன் தர்க்கம். ஆனால் நகரத்தார் குழாய்த் தண்ணீர் கெட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்ள ஓரளவேனும் வழி இருக்கும். ஒரே கிணற்றை நம்பி நான்கு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தக் கிணறுதான் எல்லாம். ஒரே ஆலை, ஒரே கழிவு, ஒரே அளவு, கிராமத்தில் கொட்டினால் பாதி விலை. ஆலைகள் எங்கே போய் அமையும் என்பதற்கு இந்தக் காரணியே ஒரு வழிகாட்டிப் பலகை.

அண்ணனின் விஷயத்தில், பாட்டில் பயன்படாது என்று தெரிந்த பிறகு நாங்கள் நீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டோம். குற்றம் நடந்ததையும் வழக்குத் தொடரப்போவதையும் குறிப்பிட்டு வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்தால், சாதாரணக் குடிமகனும் நேரடியாகக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். கெடு முடிவதற்குள் அலுவலர்கள் வந்தார்கள். முன்பகல் 11 மணிக்கு, முறைப்படி, இருதரப்புக் கையொப்பத்துடன் மாதிரி எடுத்தார்கள். அளவுகள் வரம்புக்குள் இருப்பதாகப் பதில் வந்தது. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. முன்பகல் 11 மணிக்கு அந்த ஆலையிலிருந்து வரும் தண்ணீர் உண்மையிலேயே வரம்புக்குள்தான் இருந்திருக்கும்.

2024 நவம்பரில் புதிய விசாரணை விதிகள் வெளிவந்தன. தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் தனிநபரும் ஒரு படிவத்தில் புகார் தரலாம், அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று அவை கூறுகின்றன. இதைச் சொல்வதற்காக அண்ணனை அழைத்தேன். அவர் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். எந்தெந்த இரவு, எத்தனை மணிக்கு ஓடையில் கழிவு வந்தது என்று தேதிவாரியாக எழுதியிருந்தார். 63 தேதிகள் இருந்தன. நான் சூத்திரத்தை விளக்கியதும் அவரே பெருக்கிப் பார்த்தார்: சிவப்பு வகை, சிறிய ஆலை, கிராமம், நாளுக்கு 10,000 ரூபாய், மொத்தம் 6,30,000. இதில் கிணற்றுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார். இதிலிருந்து எதுவும் வராது, கிணற்றுக்கான இழப்பீட்டைப் பசுமைத் தீர்ப்பாயத்தில், தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ்த் தனியாகக் கேட்க வேண்டும், பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டைப் புரட்டி, முதல் பக்கத்தில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார்.